ஏழு ஜோடி ஷூ

கபடி டீமுக்கு வசூலுக்குப் போவதென்றால் முதலில் வேண்டியது நாற்பது பக்க நோட்டு ஒன்று. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியில் பெரிய தொகையாக ஒன்றை வாங்கிவிட வேண்டும். அங்கே 5,000 என்று இருந்தால் அடுத்த கடைக்காரர் 500-க்குக் கீழே எழுதக் கூச்சப்படுவார். 50 என்று இருந்தால் கதை முடிந்தது.

எங்கள் பையன்கள் ஆற்றங்கரை மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். போன வருஷம் வெளியூரில் ஒரு மேட் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். மேட்டில் ஷூ இல்லாமல் ஆட முடியாது. 12 ஜோடி ஷூ, 12 ஜெர்சி, வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு என்று கணக்குப் போட்டதில் 25,000 வந்தது.

'பைசன்' படம் வந்த புதிது அது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்திலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய கணேசனின் வாழ்க்கையை ஒட்டிய கதை. "நம்ம ஊர்லயும் ஒரு கணேசன உருவாக்குங்கடே" என்று டீக்கடையில் கூடுதலாக 100 போட்டார்கள்.

அப்போதுதான் ஊர்ப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு விட்டார்.

"எவ்வளவுடே வேணும்? 25-தானே? முழுசும் நானே தாரேன். சட்டைக் கலரு மட்டும் நான் சொல்லுதது."

இரண்டு நிறங்களைச் சொன்னார். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இங்கே நிறம் வெறும் நிறமில்லை. மின்கம்பத்திலும் பள்ளிக்கூடத்துப் பையன்களின் கைக்கயிற்றிலும் அது சாதியின் பெயர். 2023-இல் நாங்குநேரியில் மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறை அறுக்கச் சொல்லலாம். நன்கொடையாக வரும் சட்டையை என்ன செய்வது?

"பையன்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வந்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. சாயந்திரம் மைதானத்தில், "சட்டைதானலே, ஆடி முடிச்சதும் கழட்டிப் போட்டுரலாம்" என்றேன்.

எங்கள் முதல் ரெய்டர் முழங்கால் காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு நான் எங்க தெருவுக்குள்ள எப்படிண்ணே போவேன்?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் போய் வேண்டாம் என்று சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை, சிரித்தார். அதற்கடுத்த நாளிலிருந்து அவர் தெருப் பையன்கள் இரண்டு பேர் பிராக்டிஸுக்கு வரவில்லை.

மறுபடி நோட்டு. இந்தமுறை பீடித் தெருக்களுக்குள் போனோம், கூலி வாங்குகிற சனிக்கிழமையாகப் பார்த்து. மடியில் சுளவோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, இலையை வெட்டிக்கொண்டே 20 ரூபாய் எடுத்து நீட்டினார். "எம்பேர எழுதாத மக்கா. எழுதுனா நாளைக்கு அடுத்த வசூல்காரன் வந்து நிப்பான்."

கடைசியில் சேர்ந்தது 14,300. களத்தில் ஆடுவது ஏழு பேர்தானே என்று ஏழு ஜோடி ஷூ மட்டும் வாங்கினோம். ஜெர்சி கிடையாது. ஆளுக்கொரு வெள்ளை பனியன், முதுகில் பெயிண்டால் எண். எந்தப் பெயிண்ட் என்று அரைமணி நேரம் பேசி, கறுப்பில் வந்து நின்றோம்.

இரண்டாவது ரவுண்டில் தோற்றோம். மாற்று ஆட்டக்காரன் இறங்கும்போதெல்லாம் ஓரத்தில் ஒருவன் ஷூவைக் கழற்ற, இன்னொருவன் அதற்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எங்களுக்கும் சிரிப்பு வந்தது.

வராமல்போன இரண்டு பேரில் ஒருவன் இப்போதெல்லாம் சாயந்திரம் மைதானத்து ஓரத்தில் பைக்கை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்கிறான். நாங்கள் அவனைக் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அவன் கால் அளவு 9. இந்த வருஷ நோட்டில் ஷூ எட்டு ஜோடி என்று எழுதி வைத்திருக்கிறேன்.