ஜால்ரா சத்தம் எங்கே போனது

‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்று டிவி சொல்லும் ஒரு வரிக்குப் பின்னால் குறைந்தது ஐந்து கோளாறுகள் ஒளிந்திருக்க முடியும். சர்வரே அணைந்து கிடக்கலாம். ஓடிக்கொண்டிருந்தாலும் அதிலுள்ள மென்பொருள் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கலாம். நடுவில் ஃபயர்வால் மறிக்கலாம். சர்வரின் முகவரி ராத்திரியோடு ராத்திரியாக மாறியிருக்கலாம். கடைசியாக, இரண்டு பெட்டிகளும் நல்லபடியாக இருந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே இல்லாமல் இருக்கலாம். ஐந்துக்கும் ஒரே வரிதான். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு வேறெதுவும் பேசாத நோயாளி மாதிரி.

எங்கள் வீட்டு மீடியா சர்வரில் சினிமா ஒன்றுகூட இல்லை. அப்பாவின் கேசட்டுகள்தான் இருக்கின்றன. தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் அவர் முப்பத்து ஐந்து வருஷம் ரேடியோசெட் கடை வைத்திருந்தார். மைக், ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், சீரியல் செட். கோயில் கொடைக்கு செட் போடப் போகிற இடத்தில், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப் ரெக்கார்டரில் சொருகி வைத்துவிடுவார். அப்படிச் சேர்ந்ததுதான் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கணியான் கூத்து எல்லாம். யாரும் கேட்டு எடுத்ததில்லை. விற்றதும் இல்லை. முந்நூற்றுச் சொச்சம் கேசட்டுகள். பாதிக்கு மேல் உறையில் எழுத்து அழிந்துவிட்டது. எந்த ஊர்க் கொடை, பாடுவது எந்தப் புலவர் என்று குரலை வைத்துச் சொல்லக்கூடியவர் இன்றைக்கு அவர் ஒருவர்தான். அவருக்கு வயது 71.

இரண்டு வருஷமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை டிஜிட்டலாக்கி, ஒரு பழைய மினி கம்ப்யூட்டரில் ஜெல்லிஃபின் போட்டு வைத்தேன். ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து கிளைபிரிந்தது. எம்பி தன் மூல நிரலைப் பூட்டிக்கொண்டபோது, சிலர் திறந்திருந்த பிரதியை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். காசும் கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். இணையமே இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் பாடும். எழுத்தில்லாத கேசட்டுகளை அப்பா டிவியில் கேட்டு அடையாளம் சொல்வார், அம்மா நோட்டில் எழுதுவார். இதுதான் ஏற்பாடு. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது.

அப்புறம் வீட்டுக்கு ஃபைபர் வந்தது.

இணைப்பு கொடுக்க வந்த பையன் புதுப் பெட்டியை மாட்டினான். பழைய ரவுட்டரை அணைக்கவில்லை. புதுப் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் குத்திவிட்டு, “மாடிக்கும் சிக்னல் கிடைக்கும் ஐயா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். டிவியைப் புது வைஃபையில் சேர்த்தான். யூடியூப் பாடியது. எல்லாருக்கும் சந்தோஷம். சாயங்காலம் அப்பா வில்லுப்பாட்டைப் போட்டார். சர்வருடன் இணைக்க முடியவில்லை.

நான் சென்னையில். ஒரு வாரம் ரிலீஸ் வேலை. சனிக்கிழமை காலையில்தான் உட்கார முடிந்தது.

“யப்பா, கம்ப்யூட்டர்ல பச்ச லைட்டு எரியுதா?”

“எரியுது. அதெல்லாம் நான் பாத்தாச்சு. உங்கம்ம போன்ல பாடுது, டிவில பாடல. அப்ப கம்ப்யூட்டர் நல்லாத்தானல இருக்கு?”

இந்த ஒரு வாக்கியத்தில் ஐந்தில் மூன்று சந்தேகங்களை அவர் அடித்துவிட்டார். சர்வர் உயிரோடு இருக்கிறது. வெளியாளுக்கும் பதில் சொல்கிறது. குறைந்தபட்சம் ஒரு கருவிக்கு வழி இருக்கிறது. பைனரி சர்ச் என்று கல்லூரியில் ஒரு செமஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பா அதை வேறு பெயரில் செய்வார். கொடையில் இருபது குழாய் கட்டியிருக்கும்; எல்லாம் ஒரே லைனில் ஊமையானால் ஒவ்வொன்றாக மரத்தில் ஏறிப் பார்க்க மாட்டார். நடு மரத்தில் ஏறுவார். அங்கே சத்தம் வந்தால் கோளாறு அந்தப் பக்கம், வராவிட்டால் இந்தப் பக்கம். மீதியில் பாதி. நாலைந்து மரத்தில் முடிந்துவிடும்.

நான் சென்னையிலிருந்து சர்வருக்குள் போனேன். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வீட்டு ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் வெளியிலிருந்து நேரே உள்ளே வரலாம். இப்போது நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது நடக்காது. பழைய பாணி ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பங்கிட்டுத் தரும் ஏப்நிக் 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கையிருப்புக்கு வந்து ரேஷன் முறைக்குப் போய்விட்டது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்குகின்றன. அதற்கென்றே 2012-ல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி அந்த வரம்புக்குள் இருந்தால், தெருவில் உங்களுக்குத் தனி வாசல் இல்லை என்று அர்த்தம். அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார்; உள்ளேயிருந்து போகிறவரை விடுவார், பெயர் தெரியாமல் வருகிறவரை விடமாட்டார். நீங்கள் உங்கள் வீட்டுக் கதவை எவ்வளவு திறந்து போட்டாலும் பிரயோஜனமில்லை. டெயில்ஸ்கேல் போன்ற கருவிகள் இதைச் சமாளிக்கிற விதம் எளிமையானது: இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து வெளியே பேசத் தொடங்கட்டும், நடுவில் சந்திக்க வைப்போம். சர்வரில் அது இருந்ததால் நான் வீட்டுக்குள் இருந்தேன். வரவேற்பறையில் இருக்கும் டிவியால் வர முடியாத இடத்துக்கு 600 கிலோமீட்டர் தள்ளியிருந்து நான் வந்திருந்தேன். சிரிப்பாகத்தான் இருந்தது.

முதலில் ஜெல்லிஃபின் எங்கே காது வைத்திருக்கிறது என்று பார்த்தேன். 0.0.0.0, போர்ட் 8096. எல்லாத் திசைக்கும் திறந்திருந்தது. அடுத்து டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன். அந்த போர்ட்டைத் தேடி வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒரு வரியாகக் காட்டும். அப்பாவிடம் டிவியில் பட்டனை அழுத்தச் சொன்னேன். திரை காலி. இன்னொரு முறை. காலி. அம்மா தன் போனில் அழுத்தியதும் வரிகள் மளமளவென்று ஓடின.

“என்னாச்சு?” என்றார்.

“நீங்க அழுத்துறது இங்க வந்தே சேரலப்பா.”

“மைக்ல பேசுதான், ஆம்ப்ளிஃபயர்ல முள்ளு ஆடல. அப்ப வயருதான்.”

வயர்தான். சர்வரிலிருந்து வெளியுலகத்துக்கு ட்ரேஸ்ரூட் போட்டேன். முதல் படி 192.168.0.1. இரண்டாவது படி 192.168.1.1. வீட்டு இணைப்பில் ஒரு படியில் வீடு முடிந்துவிட வேண்டும். இங்கே வீட்டுக்குள்ளேயே இரண்டு படி. அதாவது பழைய ரவுட்டர் வெறும் சிக்னல் பெட்டியாக உட்கார்ந்திருக்கவில்லை, தனக்கென்று ஒரு ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தது. சர்வரும் அம்மாவின் போனும் அதன் குடிமக்கள். டிவி புதுப் பெட்டியின் குடிமகன், முகவரி 192.168.1.7. டிவி 192.168.0.10-ஐத் தேடும்போது புதுப் பெட்டிக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது. அந்தக் கேள்வியை வெளியுலகத்தின் பக்கம் தள்ளிவிடும், அங்கே அது செத்துப்போகும். ஆனால் சர்வரிலிருந்து டிவிக்கு பிங் அடித்தால் பதில் வருகிறது. உள் வீட்டிலிருந்து வெளி வீட்டுக்குப் போகலாம், வெளி வீட்டிலிருந்து உள்ளே வர முடியாது. இந்த ஒருவழித்தன்மைதான் இம்மாதிரிக் கோளாறில் ஆளைக் குழப்புவது. இரண்டு பக்கமும் இணையம் நன்றாக வேலை செய்யும். யாரும் எதுவும் கெட்டுப்போனதாகவே நினைக்க மாட்டார்கள்.

சரிசெய்வது பத்து நிமிஷ வேலை, வரிசை முக்கியம். முதலில் பழைய ரவுட்டரின் டிஹெச்சிபியை, அதாவது முகவரி வழங்கும் அதிகாரத்தை, நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் வயரை மாற்றினால் ஒரே தெருவில் இரண்டு பேர் கதவு எண் கொடுக்கத் தொடங்குவார்கள். அது இதைவிடப் பெரிய தலைவலி. அடுத்து புதுப் பெட்டியில் சர்வருக்கென்று ஒரு நிரந்தர முகவரியைக் குறித்து வைத்தேன். பிறகு வயர். வான் என்று எழுதிய ஓட்டையிலிருந்து பிடுங்கி லேன் ஓட்டை ஒன்றில் குத்தினால் போதும்.

“நீலக் கலர்ல தனியா ஒண்ணு இருக்கும்லாப்பா, அதுல இருக்கற வயர…”

“மஞ்சளுக்கு மாத்தணும். தெரியுது. நீ போன வை, நான் ரெண்டு கையும் வச்சுச் செய்யுதேன்.”

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் அது 192.168.1.20 என்று எழுந்தது. டிவி ரிமோட்டில் ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி அந்த முகவரியை அடிக்க அவருக்கு இன்னொரு பத்து நிமிஷம் ஆனது. டிசிபிடம்ப் திரையில் முதல் வரி விழுந்தபோது அவர் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். அங்கே குடம் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. இது சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன்.

“ஏல, பாட்டு வருது. ஜால்ரா வரல.”

“எந்தக் கேசட்லப்பா?”

“எல்லாத்துலயும். நீ வயர மாத்துனதுலேந்து இப்படித்தான். வில்லு கேக்கு, குடம் கேக்கு, உடுக்கு கேக்கு. ஜால்ரா எங்க போச்சு?”

வயருக்கும் ஜால்ராவுக்கும் சம்பந்தமில்லை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் முழுக்கவே சம்பந்தமில்லாத கேள்வியும் இல்லை அது. இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று ஜெல்லிஃபின் நினைத்தால், ஒலியை மாற்றிச் சுருக்கி அனுப்பும். சுருக்கத்தில் முதலில் அடிபடுவது உச்ச ஸ்தாயிதான். பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை, டைரக்ட் பிளே. கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே டிவிக்குப் போகிறது. அடுத்த சந்தேகம் டேப். கேசட் பிளேயரின் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் உயர்ந்த சத்தங்கள் மங்கிவிடும். அதற்கொரு சின்ன ஸ்க்ரூ உண்டு. டிஜிட்டலாக்கும்போது அப்பாவேதான் அதைத் திருகித் திருகி வைத்தார், ஜால்ராவை அளவுகோலாகக் கொண்டு. அது பல்லில் படுகிற மாதிரி கேட்க வேண்டும் என்பார். கோப்பை ஸ்பெக்ட்ரம் படமாகப் போட்டுப் பார்த்தேன். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு வெள்ளைக் கோடு, சீப்புப் பல் மாதிரி, வரிசையாக. ஹெட்ஃபோனில் போட்டால் பளிச்சென்று கேட்டது.

கேசட்டில் இருக்கிறது. கோப்பில் இருக்கிறது. சர்வர் அனுப்புகிறது. டிவி வாங்குகிறது. இன்னும் ஒரே ஒரு கருவிதான் பாக்கி.

வயதாகும்போது காது மேலிருந்துதான் குறையும். உயர்ந்த சத்தம் முதலில் போகும். பல வருஷம் பெருஞ்சத்தத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டித்தான் முதல் பள்ளம் விழும். முப்பத்து ஐந்து வருஷம் குழாய்க்குக் கீழே நின்றவர் அவர். குரலின் அடித்தளம் எல்லாம் அதற்குக் கீழே இருப்பதால் ஆள் பேசுவது கேட்கும். ச, க, த மாதிரி மெய்கள் நழுவும். ஒரு வருஷமாக அம்மா, “உங்கப்பா நான் ஒண்ணு சொன்னா வேற ஒண்ணு சொல்லுதாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. ஜால்ரா அந்த ஒரு வாரத்தில் போகவில்லை. புதுப் பெட்டி வந்த குழப்பத்தில்தான் அவர் உன்னிப்பாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

போனை எடுத்து வைத்துக்கொண்டு இதை எந்த வார்த்தையில் சொல்வதென்று யோசித்தேன். பாக்கெட் வரவில்லை என்பதை அப்பாவிடம் சொல்ல எனக்கு உவமை தேவைப்படவில்லை. இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கூப்பிடுவதற்கு முன் அவரே கூப்பிட்டார்.

“உங்கம்மைய பக்கத்துல உக்கார வச்சுப் பாட்டப் போட்டேன். ஜால்ரா கேக்கான்னு கேட்டேன். ஜம்முனு கேக்கேங்கா.”

நான் பேசவில்லை.

“அப்ப செட்டுல கோளாறு இல்ல,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீ அந்த ரவுட்டரப் போட்டு நோண்டாத” என்றார்.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். ஆடியோகிராம் தாளை அவரே வாங்கிப் பார்த்தார். இடமிருந்து வலமாகக் கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு சரிந்தது. “பழைய ஸ்பீக்கர் இப்படித்தான் இருக்கும்,” என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னார். காதுக் கருவிக்கு அளவெடுத்தார்கள். வில்லுப்பாட்டுக்கு மட்டும் உச்ச ஸ்தாயியைத் தூக்கி இன்னொரு பிரதி போட்டுத் தரவா என்று கேட்டேன். வேண்டாம், புலவர் குரல் கெட்டுப்போகும், ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்றுவிட்டார். அது நியாயம். அடையாளம் சொல்ல அவருக்கு வேண்டியது குரல்தான், அது இன்னும் கேட்கிறது.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்பு வாரத்துக்கு இரண்டு கேசட், இப்போது நாளைக்கு ஒரு பக்கம், அரை மணி நேரம். பாட்டில் வார்த்தை பிடிபடாத இடத்தில் அவர் கையைத் தூக்குவார்; அம்மா நிறுத்தி, தான் கேட்டதைச் சொல்வார்; அவர் யோசித்து ஊரைச் சொல்வார். நேற்று அம்மா அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தில் 212-ம் கேசட், பி பக்கம்: முத்துப்பட்டன் கதை, ஊர் பெயருக்கு நேரே கேள்விக்குறி, பாடியவர் பெயர் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால், ‘இடையில் மழை. செட்டை மூட ஓடினேன்’ என்று அப்பாவின் கையெழுத்து.