கைக்கு முன்னால் மூச்சு

"கை அவசரப்படறது பார். மூச்சு கிளம்பட்டும், கை பின்னாலயே வரும். மேல போய்ச் சேர்ந்தப்புறமும் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கணும்." அத்தை சொல்லிக்கொடுத்த யோகம் மொத்தமும் இவ்வளவுதான். செய்து பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு கஷ்டம் என்று. நம் கைகள் எப்போதும் முந்திக்கொள்ளும்.

விடியற்காலையில் கூடத்திலிருந்து தொண்டையை உரசிக்கொண்டு ஒரு சத்தம் சீராக வரும். உஜ்ஜாயி என்ற பெயரெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். அந்தச் சத்தம் பிசிறினால் அத்தை அங்கேயே நிறுத்திவிடுவாள். முட்டி அனுமதித்தாலும் மூச்சு அனுமதிக்காவிட்டால் குனிய மாட்டாள்.

அது யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழி. 1930-களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் பையன்களைத் துள்ளவும் தாவவும் வைத்த அதே மனிதர். பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். சென்னைக்கு வந்தபின் அவர் சாந்தமாகிவிட்டார் என்பார்கள். எனக்கென்னவோ அவரிடம் வந்த ஆட்கள்தான் மாறினார்கள் என்று தோன்றுகிறது. இங்கே வந்தவர்களில் நோயாளிகள் உண்டு, வயதானவர்கள் உண்டு. அவர்களைத் தாவச் சொல்ல முடியுமா? இன்ஜினீயருக்குப் படித்த மகன் தேசிகாச்சார் அப்பாவிடமே கற்று, 1976-ல் அவர் பெயரில் யோக மந்திரம் என்ற நிலையத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தகுந்த பயிற்சி, ஒருவருக்கு ஒருவர் என்று.

அத்தையின் ஆசிரியரும் அந்த வழியில் வந்தவர்தான். பீரோக் கதவின் உள்பக்கம் அவர் கொடுத்த தாள் ஒட்டியிருக்கும். நீல மையில் குச்சி மனிதர்கள்: ஒருவர் நிற்பார், அடுத்தவர் கை தூக்குவார், அடுத்தவர் குனிவார். பக்கத்தில் மூச்சு உள்ளேயா வெளியேயா, எத்தனை தடவை என்ற குறிப்பு. பக்கத்து வீட்டு மாமி நகல் கேட்டபோது அத்தை தரவில்லை. "அது என் முட்டிக்குப் போட்டது" என்றாள்.

திருமந்திரம் சொல்லும் கணக்கு, இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை. அத்தைக்கு அந்த 64 கிடையவே கிடையாது. ரத்த அழுத்தம் இருந்ததால், மூச்சை அடக்க வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவாள். எண்ணிக்கைக்கு ஒரு விநாடி என்று வைத்தால் நிமிடத்துக்கு ஐந்தே மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் விடுவது 12-க்குக் குறையாது. இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். வேகஸ் நரம்பின் வேலை அது. விடும் மூச்சை நீட்டினால் உடம்பு அடங்குவது அதனால்தான். மெதுவான மூச்சுப் பயிற்சி ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் என்பதற்கும் ஆய்வுகள் இருக்கின்றன. கொஞ்சம்தான். எல்லா நோயும் ஓடிவிடும் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அத்தை கடைசிவரை மாத்திரையை விடவில்லை.

முட்டி அறவே ஒத்துழைக்காமல் போன வருஷம் ஆசிரியர் புதுத் தாள் போட்டுக் கொடுத்தார். நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மூச்சுக் கணக்கில் மட்டும் மாற்றமில்லை. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் சரி. இந்த நாற்காலிக்கு ஏன் மூணே கால் போட்டிருக்கார்?"