அழுகிய முட்டை நாற்றம்

பிளஸ் டூ அக்காமார் ஆய்வகத்தில் உப்புப் பரிசோதனை செய்யும் நாட்களில், எங்கள் வகுப்பு வரை அழுகிய முட்டை நாற்றம் வந்துவிடும். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். சென்ற ஆண்டு வரை நானும் சிரித்தவள்தான்.

என் மாமா மதுரையில் சாக்கடை அடைப்பு எடுப்பவர். ஒருநாள் குழிக்குள் இறங்கியவரை மயங்கிய நிலையில் கயிறு கட்டித் தூக்கினார்கள். "மொதல்ல நாத்தம் கொடலைப் பொரட்டுச்சு, தாயி. அப்புறம் நாத்தமே இல்ல. சரியாப் போச்சுன்னு நெனச்சேன்" என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி சொன்னார். சிஸ்டரிடம் கேட்டேன். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு என்றும், அளவு மிகுந்தால் முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும் என்றும் கூறினார்கள். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கக் கூடாதென்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டதாம்!

பெயரிலேயே ஹைட்ரஜன் இருக்கிறதே, அதைப் பிரித்தெடுக்க முடியாதா என்று கேட்டேன். சிஸ்டர் சிரித்துவிட்டு, படிக்கச் சில தாள்கள் தந்தார்கள்.

மணலியில் உள்ளது போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில், பெட்ரோலியத்திலுள்ள கந்தகத்தை நீக்கும்போது இவ்வாயு ஏராளமாக வருகிறது. 1883-இல் கிளாஸ் என்பவர் கண்ட முறையில் கந்தகம் கிடைக்கும், ஹைட்ரஜனோ நீராகிவிடும். எனக்கு இது பெரிய நஷ்டமாகத் தோன்றுகிறது. ஏனெனில், ஒரு மோல் நீரைப் பிரிக்க 286 கிலோஜூல் வேண்டும். இவ்வாயுவுக்குச் சுமார் 21 போதும்.

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தையும் ஹைதராபாத் ஐ.ஐ.டி.யையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து பார்த்து 2012-இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். கண்ணாடிக் குழாயில் வாயுவைச் செலுத்தி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், எலெக்ட்ரான்கள் பாய்ந்து மோதி மூலக்கூறுகளை உடைக்கின்றன. டியூப் லைட்டுக்குள் ஒளிர்கிறதே, அதுபோன்ற நிலைதான் பிளாஸ்மா. உள்ளே அலுமினாவின்மேல் மாலிப்டினம், கோபால்ட் போன்றவற்றின் ஆக்சைடுகளை வினையூக்கியாக வைத்தபோது ஹைட்ரஜன் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் மின்சாரச் செலவு ஏட்டுக் கணக்கைவிடப் பன்மடங்கு ஆகிறது. அந்தக் கஷ்டம் இன்னும் தீரவில்லை.

மாமாவின் சாக்கடைக்கு இது உதவாது. அங்கே வாயு சிதறிக் கிடக்கிறது. அதற்கு இயந்திரம்தான் வேண்டும். இருந்தாலும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கந்தகம் அந்தக் குழாயில அப்புமே, அதைச் சொரண்டிக் கழுவுறது யாரு?" என்றார்.

கந்தகம் படியாதபடி குழாயைச் சூடாகவே வைத்திருந்தார்கள், யாரும் உள்ளே கைவிட வேண்டியதில்லை மாமா, என்றேன்.

"அப்பச் சரி" என்று வெற்றிலையை மடித்தார்.