கைப்பிடிக்கு எதற்கு ஆயில் சிலிண்டர்?

படகு என்ஜின் திரும்புகிற அச்சுக்குப் பெயர் கிங்பின்; அதன் புஷ்ஷில் ஆட்டம் இருக்கிற என்ஜினுக்கு எதை வாங்கி மாட்டினாலும் காசு தண்டம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டுக் கரையில் இப்போது பையன்கள் பேசுவதெல்லாம் எதை மாட்டலாம் என்பதுதான். இருப்பதைப் பிடித்துப் பார்ப்போம் என்று ஒருத்தனும் சொல்வதில்லை.

இந்தப் பேச்சைக் கிளப்பியவன் என் அக்கா மகன். ஒரு கடற்கரை ரிசார்ட்டில் மணல் வண்டிகளுக்கு மெக்கானிக். மணலில் ரோந்து போகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துப் போலீசார் வைத்திருக்கிறார்களே, அந்தச் சாதி நாலு சக்கர வண்டி. ரிசார்ட்டில் இருப்பது அதைவிடத் தாழ்வு, அகலம், ஓட்டப்பந்தயத்துக்கென்றே செய்தது. அதில் ஹேண்டில் தண்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்ன ஆயில் சிலிண்டர் வருகிறது. ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் என்கிறார்கள். கழற்றிப் போட்ட பழையது ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். "மாமா, இதை நம்ம என்ஜின் கைப்பிடியில மாட்டிட்டா கை வலியே இருக்காது. இன்னும் எத்தினி நாளைக்கு கையாலயே அடக்கிட்டிருப்பீங்க?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கையால் அடக்குவது ஏதோ அறியாத காலத்துப் பழக்கம் என்கிற சிரிப்பு அது.

சிலிண்டரை வைஸில் கட்டித் திறந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல வேலை. உள்ளே ஒரு பிஸ்டன். ஆயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஊசித்துவாரம் மாதிரி ஒரு வழி. வெளியே இருக்கும் திருகைத் திருப்பினால் அந்த வழி குறுகும். பிஸ்டன் தண்டை மெதுவாகத் தள்ளினால் போகிறது. வெடுக்கென்று தள்ளினால் சுவர் போல நிற்கிறது. சூட்சுமம் அவ்வளவுதான். மணல் வண்டியின் ஒரு முன்சக்கரம் கல்லிலோ பள்ளத்திலோ அடித்தால் அந்த அடி டை ராடு வழியாக ஏறி ஹேண்டிலை உதறும். கண் இமைக்கிற நேரத்து உதறல். ஓட்டுகிறவன் வளைக்கிற வளைப்பு அதற்கு முன்னால் மெதுவானது. ஆயில் இரண்டையும் பிரித்துப் பார்த்து, உதறலை மறித்துவிட்டு வளைப்பை விட்டுவிடுகிறது. விலை கூடின சிலிண்டர்களில் மெதுவான அசைவுக்கு ஒரு வால்வு, வேகமான அசைவுக்கு ஒரு வால்வு என்று தனித்தனியாகவே உண்டாம். ஹேண்டில் நடுவிலிருந்து விலகும்போது பிடிக்கிற மாதிரியும் நடுவுக்குத் திரும்பும்போது விடுகிற மாதிரியும் வைத்துக்கொள்ளலாமாம்.

வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்று அவனையே கேட்டேன். கல் காட்டில் ஓடுகிற வண்டியா, வெறும் மணலில் ஓடுகிற வண்டியா. அந்த வண்டியின் தண்டுக்கென்று செய்த கிளாம்ப்தானா. ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் சிலிண்டர் எங்கேயாவது இடிக்கிறதா. ஆயில் மாற்றத் திறக்க வருமா, இல்லை தூக்கி எறிய வேண்டியதுதானா. ஒழுங்காகச் சொன்னான். அதற்கு மேல் அவனே ஒன்று சொன்னான். உதறுகிறது என்று வந்த வண்டிகளில் பலதுக்கு இரண்டு முன் டயரிலும் காற்றைச் சமமாக வைத்து, டை ராடு முனையையும் தண்டின் மேல் புஷ்ஷையும் மாற்றியதுமே உதறல் நின்றுவிட்டதாம். அங்கே இதைச் செய்கிறவன் இங்கே வந்ததும் ஏன் மறந்துவிடுகிறான்?

நம் என்ஜினுக்கு வருகிற தொல்லை மணல் வண்டியின் உதறலுக்கு நேர்மாறானது. நான் சொல்வது வால் நீண்ட டீசல் என்ஜினை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு ஊர் ஊராக வந்து இறங்கியபோது கூடவே பெருகின கிரீவ்ஸ் லோம்பார்டினி ரகம். என்ஜின் கிங்பின் மேல் உட்கார்ந்திருக்கும், ஷாஃப்ட் பின்னால் நீண்டு தண்ணீரில் இறங்கும், அதன் நுனியில் ஃபேன் (ப்ரொப்பெல்லரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), கைப்பிடி முன்னால் நீட்டியிருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஃபேன் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று வையுங்கள். வாலை அது வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கைப்பிடி இடப்பக்கம் ஓடப் பார்க்கும். அது உதறல் இல்லை. கரையை விட்டதிலிருந்து கரை திரும்பும்வரை விடாமல் இழுக்கிற மெதுவான இழுப்பு. மெதுவான இழுப்பை ஆயில் சிலிண்டர் பிடிக்காது, விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். அப்படியானால் எதைப் பிடிக்கும்? படகோட்டி வெடுக்கென்று கைப்பிடியைத் திருப்புவதைப் பிடிக்கும். அதுவும் எங்கே? முகத்துவாரத்தில்!

பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். ஏரி சராசரி ஆள் இடுப்பளவுதான். மழைக்காலத்தில் ஆரணி ஆறு கொண்டுவருகிற தண்ணீர் வெளியே தள்ளும், கடல் உள்ளே தள்ளும், நடுவில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். எத்தனையோ முறை மணல் மூடியிருக்கிறது, தூர்வாரியிருக்கிறார்கள், மறுபடி மூடியிருக்கிறது. திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து ஏறும். படகின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கும். அந்த நொடியில் கைப்பிடி முழுசாக அந்தக் கோடிக்குப் போய் உடனே திரும்ப வேண்டும். படகு குறுக்கே விழுந்தால் அடுத்த அலை உள்ளே வந்துவிடும். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்த 22 பேர் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இறந்த பிறகு, கைப்பிடி பிடிக்கிற எவனும் இந்தத் தண்ணீரை லேசாகப் பேசுவதில்லை. பேசக் கூடாது. அந்த இடத்தில் வேகத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஒரு சாமானைக் காசு கொடுத்து மாட்டச் சொல்கிறான் என் மருமகன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி காசிமேட்டு லேத் பட்டறையிலிருந்து வந்தவர். பேச்சு குறைவு, மூக்குப்பொடி அதிகம். எந்த என்ஜின் வந்தாலும் ஸ்டார்ட் பண்ண விடமாட்டார். "வாலைப் புடிச்சு ஆட்டு" என்பார். ஃபேன் பக்கம் ஒருத்தன் நின்று ஷாஃப்டை இடமும் வலமும் அசைக்க வேண்டும். இன்னொருத்தன் கிங்பின்னும் புஷ்ஷும் சேருகிற விளிம்பில் நடுவிரல் நுனியை வைத்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். மேல் புஷ் தேய்ந்திருந்தால் ஒரு தட்டு. கீழ் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு தட்டு. கிங்பின் அருகே மயிரிழை ஆட்டம், வால் நுனிக்குப் போகும்போது விரற்கடை ஆகிவிடும். ஒற்றை சிலிண்டர் டீசலின் குலுக்கலும் அதோடு சேர்ந்தால் கைப்பிடி நடுங்காமல் என்ன செய்யும்? அந்த நடுக்கத்தைத்தான் இன்றைக்குச் சாமான் மாட்டி மறைக்கப் பார்க்கிறார்கள்.

மேஸ்திரியிடம் எனக்குத் தீராத புதிராக இருந்தது புஷ். கன்மெட்டல் புஷ் நன்றாக உழைக்கும், ஆனால் மணல் புகுந்தால் கிங்பின்னையும் சேர்த்துத் தின்றுவிடும். கிங்பின் மாற்றுவது பெரிய செலவு. நைலான் புஷ் மணலைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும், தேய்ந்தால் புஷ்ஷோடு போகும். அதனால் அவர் நைலான் கட்சி. நானும் நைலான்தான் போட்டேன். லேத்தில் அளவெடுத்து, கிங்பின் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி கடைந்து கொடுப்பேன். கரையில் கைப்பிடி காற்றுக்கே திரும்பும். கொஞ்ச நாளில் படகுக்காரர் சண்டைக்கு வருவார்: இறுகிப் போச்சு, திரும்பவே மாட்டேங்குது. மேஸ்திரி போட்டது மட்டும் இறுகாது. கேட்டால் சொல்லமாட்டார். பட்டறை மூலையில் மூடி போட்ட மண்பானை ஒன்று எப்போதும் இருக்கும். குடிக்கிற தண்ணீர் என்றே எல்லாரும் நினைத்திருந்தோம். திறந்து பார்த்தால் உள்ளே முழுக்க நைலான் உருளைத் துண்டு. நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் உப்பும். கடலுக்குப் போய் உப்ப வேண்டியதைப் பட்டறையிலேயே உப்பவைத்து, அதற்குப் பிறகு கடைந்தால் அளவு மாறாது. கடைக்காரர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை. சொன்னாலும் பானையில் ஊறட்டும் என்று காத்திருக்க இப்போது யாருக்குப் பொறுமை? காலையில் என்ஜினைக் கொடுத்து மதியத்துக்குள் கேட்கிறார்கள்.

புஷ் சரியானதும் இழுப்புக்கு வரவேண்டும். இழுப்பை அடக்குவது ஃபேனுக்கு முன்னால் ஷாஃப்ட் குழாயில் வருகிற சின்னத் தகடு. கற்றுக்கொள்கிற ஒவ்வொரு பையனும் அதைத் தப்பான பக்கம்தான் திருப்புவான். வால் வலப்பக்கம் ஓடுகிறதா, தகட்டின் பின் ஓரத்தையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். தண்ணீர் வலப்பக்கம் ஒதுக்கப்படும், அந்த உதையில் வால் இடப்பக்கம் வரும். அவுட்போர்டிலும் இதே கதைதான். ஃபேனுக்கு மேலே இருக்கிற தட்டின் அடியில் ட்ரிம் டேப் என்று ஒரு துண்டு தொங்கும். படகு இடப்பக்கம் ஓடினால் அதன் பின் முனையை இடப்பக்கம் திருப்பு என்று யமஹா கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கையேட்டை யார் பிரிக்கிறார்கள்? அந்தத் துண்டைத் துரு தடுக்கிற சாமான் என்று மட்டும் நினைத்து, கரைந்து போன பிறகு வெறும் போல்ட்டோடு ஓட்டுகிறவர்கள் நம் கரையில் ஏராளம். பிறகு என்ஜின் இழுக்கிறது என்று புலம்பல்.

தகட்டுக்கும் எல்லை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். படகு ஓடுகிற ஓட்டத்தில் வருகிற தண்ணீர்தான் அதற்கு பலம். வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்தும் படகு நகராமல் திணறுகிற நேரத்தில் ஃபேனின் தள்ளல் முழுசாக இருக்கும், தகட்டில் ஓட்டம் இருக்காது. அப்போது இழுக்கத்தான் செய்யும். கை அதற்குத்தான் இருக்கிறது.

கைப்பிடி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் இன்றைய பையன்களுக்கும் சண்டையே. கிங்பின் பக்கத்தில் ஒரு இறுக்குப் போல்ட் இருக்கும். அவுட்போர்டில் அதுவே ஒரு நெம்புகோலாக வரும். கையை எடுத்தால் கைப்பிடி ஓடிவிடாமல் மெல்ல நகர வேண்டும், இரண்டு விரலால் தள்ளினால் கோடிவரை போகவேண்டும். என் அளவு அதுதான். பையன்கள் ஸ்பானரைப் போட்டு முறுக்கி, சிலை மாதிரி நிற்க வைத்துவிடுகிறார்கள். அது போதாமல் ரப்பர் கயிற்றால் கைப்பிடியைப் பலகையோடு கட்டிவிட்டு, செல்போனை எடுத்துக்கொள்கிறார்கள். ஆழக்கடலில் நேராக ஓடும்வரை சரி. முகத்துவாரத்துக்கு வரும்போது போல்ட்டை இளக்குகிறானா? அங்கே வந்தபிறகு ஸ்பானர் தேடுகிறான். ஆயிலுக்கும் இந்தப் போல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் வேகத்தைப் பார்த்து மறிக்கும். போல்ட்டுக்கு மெதுவும் வேகமும் ஒன்றுதான், அசையத் தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். நம் இழுப்புக்குப் போல்ட் போதும், அதுவும் கொஞ்சம்.

சென்னையில் 1979-லேயே வங்காள விரிகுடாத் திட்டம் என்று அலுவலகம் போட்டு, அலையில் கரையேறுகிற ஃபைபர் படகுகளையும், கரை தட்டும்போது ஃபேனோடு தூக்கிக்கொள்கிற என்ஜின் அமைப்பையும் வருஷக்கணக்கில் சோதித்தார்கள். கரையில் நின்று, மீனவனைக் கேட்டு, மாற்றி மாற்றிச் செய்த வேலை அது. இப்போது பயிற்சி என்றால் ஒரு மண்டபம், ஒரு திரை, மதியம் பிரியாணி, கையில் ஒரு சான்றிதழ். அப்படி ஒரு பயிற்சியில், கைப்பிடி நடுங்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்க" என்றார் பாடம் நடத்தியவர். எங்கள் கோட்டைக்குப்பத்திலிருந்து என்ஜினைத் தோளில் வைத்துக்கொண்டு எந்த சென்டருக்குப் போவது?

மருமகனின் சிலிண்டரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மணல் வண்டிக்கு அது பொருத்தம். தேய்ந்த டை ராடை மாற்றிவிட்டு மாட்டினால் இன்னும் பொருத்தம். அவன் நண்பன் ஒருவன் மட்டும் கேட்கவில்லை. எங்கேயோ வாங்கி, வெல்டிங் வைத்து மாட்டிக்கொண்டான். அவன் என்ஜின் வாலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்: விரலில் இரண்டு தட்டு. சொன்னேன், சிரித்தான்.

எனக்கு வருத்தம் கூலியில்தான். புஷ் மாற்றினால் புஷ்ஷுக்குக் காசு தருகிறார்கள், ஃபேன் மாற்றினால் ஃபேனுக்குத் தருகிறார்கள். தகட்டை ஒரு நூல் திருப்பி, போல்ட்டைக் கால் சுற்று இளக்கி, பழைய கிரீஸ் மணலோடு வெளியே பிதுங்குகிறவரை புது கிரீஸை ஏற்றிக் கொடுத்தால், ஏரியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்து, "நல்லாயிருக்கு மாமா, ஆனா நீங்க ஒண்ணும் மாத்தலையே" என்று சொல்லி டீக்கடைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த டீக்கும் பாதி நாள் நான்தான் காசு கொடுக்கிறேன்.