94-ஐத் தாண்டாத நெட்டும் நான் சாத்திய கதவும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

தினமும் மாலை ஆறரைக்கு மஸ்கட்டில் இருக்கும் பேத்திக்கு லேப்டாப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாடி அறைக்கு வைஃபை எட்டாது. அதனால் கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து மாடிக் கதவு வழியாக வயர் இழுத்திருந்தோம். இரண்டு மாதமாக ஒரே தொல்லை. 'ழ' சொல்ல வாயைத் திறந்தபடியே பிள்ளை திரையில் உறைந்து நிற்பாள். கடைசியில், "இன்னைக்கு வேணாம் பாட்டி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நெட் ஆபீசுக்கு மூன்று முறை போன் போட்டேன். வந்தவன் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பையன். நாங்கள் பணம் கட்டுவது 200-க்கு, லேப்டாப்பில் 94-க்கு மேல் ஏறவே இல்லை. "லைன் சரியா இருக்கு டீச்சர், உங்க வயர்லதான் கோளாறு" என்றான். பக்கத்து வீட்டார் பார்க்க அவனைக் கத்திவிட்டேன். போட்டு வைத்த காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

மறுநாள் அவனே புது வயரோடு வந்தான். செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கிறது. பழைய வயரில் 100. புது வயரைச் சொருகியதும் 1000. வயருக்குள் இரண்டிரண்டாக முறுக்கிய எட்டுக் கம்பிகளாம். 1000-க்கு எட்டும் வேண்டும், 100-க்கு நாலு போதும். மற்ற நாலில் ஒரு கம்பி போனாலும் 100-க்கு இறங்கிவிடும். அதிலும் கொஞ்சம், தகவலைக் கட்டி அனுப்பும் உறைக்கே போய்விடுவதால்தான் அந்த 94.

வீடியோவுக்கு 94 தாராளம். பின்னே ஏன் உறைந்தது?

"இந்தக் கதவை எப்பச் சாத்துவீங்க டீச்சர்?" என்று கேட்டான். கொசுவுக்காக ஆறரைக்கு! நிலையில் வயர் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. காற்றில் கதவு அசையும்போதெல்லாம் மிச்சக் கம்பிகளும் தொடர்பு விட்டு, மறுபடி சேரச் சில நொடி ஆகியிருக்கிறது. முதல் நாள் அவன் சோதித்தது பகல் பதினோரு மணிக்கு. அப்போது கதவு திறந்திருந்தது.

இப்போது வயர் ஜன்னல் மேல் துளை வழியாக வருகிறது. வயருக்கு மட்டும்தான் காசு வாங்கினான். நேற்று பேத்தி 'பழம்' என்று பிழையில்லாமல் சொன்னாள்.

தம்பி, அன்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா, காபி பாக்கி இருக்கிறது.