கடன் வாங்குமுன் அளந்து பாருங்கள்



"லினக்ஸ் கணினியில் விளையாட்டு சரியாக ஓடாது, புதுக் கணினி வாங்கித் தாருங்கள்" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. தறிக்கூலியைக் கொண்டு குடும்பம் நடத்தும் காஞ்சி நெசவாளருக்கு இது சிறு செலவன்று. ஆகவே, கணினியின் வேகத்தை நேர்மையாக அளப்பது எவ்வாறு என்பதை ஈண்டு எழுத விழைகின்றோம்.

லினக்ஸ் நமக்குப் புதியதன்று. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு அடிகோலினார். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாக 'பாஸ்' லினக்ஸ் நம் மாணவர் பலரின் கைக்கு வந்தது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் இதனைத் தமிழிலேயே எடுத்துரைத்தும் வருகின்றனர். விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் பலவும், 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'புரோட்டான்' என்னும் மென்பொருளின் துணையால் லினக்ஸில் ஓடுகின்றன. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடுள்ள இணைய விளையாட்டுகள் சில மட்டும் இடந்தருவதில்லை.

அளவு என்பது, வினாடிக்கு எத்தனை படங்கள் திரையில் தோன்றுகின்றன என்னும் கணக்கே. 60 படங்கள் வந்தால் ஆட்டம் சீராக ஓடும். ஆயினும் சராசரியை மட்டும் நம்புதல் ஆகாது. ஒரு நிமிட ஆட்டத்தில் 57 வினாடிகள் 60 படங்கள் வீதமும், 3 வினாடிகள் 10 படங்கள் வீதமும் வந்தன எனக் கொள்வோம். சராசரி 57.5! கேட்பதற்கு நன்று, ஆனால் அந்த 3 வினாடிகளும் ஆட்டம் திக்கித் திணறும். சேலை முழுவதும் சீராயிருந்தும் முந்தியில் ஓரிடத்தில் இழை அறுந்திருந்தால் வாங்குபவர் ஒப்புவாரோ? ஆகவே சராசரியோடு, மிகத் தாழ்ந்த அளவையும் குறித்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர், "சாமி, மகனுக்காகக் கடன் வாங்கட்டுமா?" என்று கேட்டார். மகனையும், கணினி பயின்ற இளைஞர் இருவரையும் பங்கு இல்லத்திற்கு வரவழைத்தோம். அக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன. இரண்டிலும் ஓடக்கூடிய 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்னும் பந்தய விளையாட்டைத் தெரிந்தெடுத்தனர். ஒரே பந்தயப் பாதை, ஒரே திரையளவு, ஒரே காட்சித்தரம் என்று வகுத்து, ஒவ்வொன்றிலும் மும்முறை ஓட்டினர். ஒருமுறை ஓட்டிய கணக்கு போதாது. 2008-இல் வெளிவந்த 'போரோனிக்ஸ் டெஸ்ட் சூட்' என்னும் சோதனை மென்பொருளும் ஒரே சோதனையைப் பலமுறை நடத்தி, முடிவுகள் மிகவும் வேறுபட்டால் மேலும் நடத்திப் பார்க்கின்றது.

இரண்டிற்குமிடையே வேறுபாடு மிகச் சிறிதே எனக் கண்டோம். பின் குறை எங்கே? மகன் லினக்ஸில் ஆடியபோதெல்லாம் மின்னிணைப்பின்றி, பேட்டரிச் சிக்கன நிலையிலேயே ஆடியிருந்தான். போதாததற்கு, விசிறியில் தூசி அடைந்திருந்ததால் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. தூசி அகற்றி, மின்னிணைப்புக் கொடுத்தபின் ஆட்டம் சீராயிற்று. மகனும் மனமொப்பினான், கடன் தவிர்ந்தது.

பிள்ளைகள் புதுக் கணினி கேட்டால் சினந்து மறுத்துவிடவும் வேண்டாம். உடனே கடன் வாங்கவும் வேண்டாம். எந்நிலையில் அளந்தாய்? எத்தனை முறை அளந்தாய்? தாழ்ந்த அளவு யாது? இம்மூன்றையும் கேளுங்கள். அளந்தபின்னும் குறை கணினியினுடையதே என்று தெரிந்தால், அப்போது வாங்குவது பற்றிக் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள்.