ரோசிக்கு, உன் கட்டுரை பற்றி

கீழவைப்பார்

அன்பு மருமகள் ரோசிக்கு அத்தை எழுதுவது.

இங்கே கொண்டல் பலமாக அடிப்பதால் உன் அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் வலை பொத்திக்கொண்டிருக்கிறான். வாய் மட்டும் ஓயவில்லை. உன் கட்டுரையை அவனுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஏட்டி, 'கவிதை காலத்தின் கண்ணாடி' என்று தொடங்கியிருக்கிறாயே, முதலில் அதை அடி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற வரி அது. விளாத்திகுளம் தாண்டினால் பாரதியின் ஊர் எட்டயபுரம். பாரதியை நீ என்னவோ சென்னைக்காரரைப் போல எழுதி வைத்திருக்கிறாய். அவர் அப்பா சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்து நொடித்துப்போனவர். அந்த வலி மகனுடைய 'கனவு' பாட்டில் இருக்கிறது. வ.உ.சி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டதும், 1908-ல் கோரல் மில் ஆட்கள் வேலையை நிறுத்திக் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கியதும், சில நாட்களிலேயே அவரைப் பிடித்து உள்ளே போட்டதும் நம் பக்கத்துச் சங்கதி. கலெக்டர் விஞ்ச் அவரை மிரட்டுவதாகவும் அவர் பதில் சொல்வதாகவும் பாரதி பாட்டுக் கட்டினார். இதையெல்லாம் நீ ஒரே வரியில் தாண்டிவிட்டாய்.

சுயராஜ்யம் கேட்கிற இந்தியனை வெள்ளைக்கார அதிகாரி ஏசுகிற மாதிரி இன்னொரு பாட்டு உண்டே, அதன் மெட்டைக் கவனித்தாயா? கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக ஆசைப்பட்ட நந்தனை வேதியர் சாதி சொல்லித் திட்டுகிற மெட்டு. ஊர் ஊராகக் கதாகாலட்சேபத்தில் கேட்டுப் பழகியது. அந்த மெட்டு காதில் விழுந்ததும் மேல்சாதிக்காரருக்கும் தாம் நந்தன் நின்ற இடத்தில் நிற்பது உறைத்திருக்கும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தம் பண்ணையாளை எப்படி நடத்தினார் என்பது வேறு விஷயம். அந்தக் காலத்துச் சமூகம் முழுக்க அந்த மெட்டுக்குள்ளேயே இருக்கிறது ரோசி. இதை மட்டும் வைத்தே நீ மூன்று பக்கம் எழுதலாம்.

உன் அப்பா கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். "நம்ம கடல் அதுல எங்கே இருக்கு?" என்றான். தென்கடலில் முத்துக் குளிப்பது பாரதி பாட்டில் வருகிறது, ஆனால் தேசத்தின் செல்வமாக வருகிறது. மூச்சடக்கி இறங்கியவனும் இல்லை, மேலே கயிறு பிடித்து நின்ற அவன் மச்சானும் இல்லை. அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட கதையும் இல்லை. அவருக்கு மனசில்லை என்று எழுதிவிடாதே. பிஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக உருகிப் பாடியவர் அவர். கூலிக்குப் போனவர்கள் கதை பத்திரிகையில் வந்தது; நம் ஆட்கள் கதையை யார் எழுதினார்கள்? எனக்குத் தோன்றுகிற காரணம் இது. உனக்கு வேறு தோன்றினால் சண்டை போடு.

கவிமணியையும் சேர்த்துக்கொள். சொத்து மருமகனுக்குப் போகிற நாஞ்சில்நாட்டு வழக்கத்தில் ஐந்தாம் மனைவி புலம்புவதாக 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். 1926-ல் அந்த வழக்கத்தை மாற்றச் சட்டமே வந்தது. சிரித்துக்கொண்டே வாசிப்பாய்.

ராத்திரி கண்விழித்து எழுதாதே, போன தடவை வந்தபோது கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. சீலாக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன். கொடுத்தனுப்பட்டுமா, இல்லை விடுதியில் நாற்றம் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்களா? சீக்கிரம் பதில் போடு.

உன் அத்தை